தீவுக்கு வரச்சொல்லி அக்காவிடம் அடுக்கிய காரணங்கள்

1

எங்கள் தீவைப் பற்றிய துண்டுப் பிரசுரம் இந்த வருஷம் புது அட்டையோடு வந்திருக்கிறது. அட்டையில் சிவப்பு உச்சி வைத்த கலங்கரை விளக்கம், பாறைமேல் படுத்திருக்கும் கடல்நாய்கள், நிஜத்தில் என்றைக்கும் இவ்வளவு நீலமாக இருந்திராத கடல். உள்ளே, 'இங்கே ஏன் வர வேண்டும்? உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள்' என்று ஒரு பக்கம். அதில் மூன்று காரணங்கள் நான் எழுதிக் கொடுத்தவை. கீழே என் பெயரும் இருக்கிறது. பதினோரு வருஷம் இங்கே குப்பை கொட்டிய பிறகு, அச்சில் உள்ளூர்க்காரி ஆகிவிட்டேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கிழக்குக் கரையை ஒட்டிய சின்னத் தீவு இது. பெரிய நிலத்திலிருந்து படகில்தான் வர வேண்டும். படகு என்றதும் காசிமேட்டுப் படகை நினைத்துக்கொள்ள வேண்டாம். காரும் லாரியும் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரியது. அந்தப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டில் எனக்கு வேலை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. தீவுக்கு வருவதற்கு டிக்கெட் கிடையாது, திரும்பிப் போவதற்குத்தான் டிக்கெட். ஆக, பொழுது விடிந்தால் பொழுது போனால் ஊரை விட்டுப் போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதே என் பிழைப்பு.

வீட்டுக்காரர் லாரன்ஸ், திருவொற்றியூர்க்காரர். இழுவைக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறார். நாலு வாரம் கடலில் இருப்பார், இரண்டு வாரம் வீட்டில் இருப்பார். மகன் ஜோயல் போன வருஷம் பள்ளிக்கூடம் முடித்தான். நான் ராயபுரத்தில் பிறந்தவள், பெயர் ஜெசிந்தா. எனக்கு ஒரே ஒரு அக்கா, பிலோமினா. அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை சீவி விட்டது, முதுகில் நாலு போட்டது, படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் அக்காதான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது காலடிப்பேட்டையில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு மீன் விற்கிறாள்.

போன வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆசை, அக்கா ஒரு தடவை இந்தத் தீவுக்கு வர வேண்டும் என்பது. அதற்கு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

2

போன வருஷம் பனி கரையும் நேரத்தில் தீவு அலுவலகத்து மார்த்தா கூண்டின் ஜன்னலைத் தட்டினாள். நல்ல பெண், ஆனால் எதற்கும் காரணம் வேண்டும் அவளுக்கு. காப்பி குடிக்கக் கூப்பிட்டால்கூட 'எதைப் பற்றி?' என்று கேட்டுத் தேதி குறிப்பாள். "எத்தனையோ தூரத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டாயே, ஏன் வர வேண்டும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? சில காரணங்கள் எழுதிக் கொடு" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. லாரன்சுக்கு வேலை கிடைத்தது, வந்தோம். இதை எப்படிப் பிரசுரத்தில் போடுவது? எழுந்து அடுப்படிக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு இப்படித்தான் இருந்தது. ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில், மார்த்தாவுக்கு எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அக்காவை அசைத்துவிட்டால் உலகத்தில் யாரையும் அசைத்துவிடலாம்.

"அக்கா, இங்க ஒரு லைட்டவுஸ் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏறிப் பாத்தா சுத்தியும் கடல் தெரியும்."

"மெரினாலயும் ஒண்ணு கீது. பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன், அதுலயே ஏறல. ஒன் ஊருக்கு வந்து ஏறணுமா?"

"திமிங்கலம் வரும்க்கா. படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. மூச்சு விட்டா தண்ணி பனை மரம் உசரத்துக்குப் போகும்."

"பாத்து இன்னா பண்றது? அத்த அறுக்க முடியுமா, விக்க முடியுமா? அது பாட்டுக்கு போவட்டும், உடு."

"காத்து சுத்தமா இருக்கும். துணி காயப்போட்டா அப்படியே வெள்ளையா எடுக்கலாம்."

இது மட்டும் அவளிடம் எடுபட்டது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல், காற்று திரும்பும் நாட்களில் எங்கே வரை வரும் என்று எண்ணூர் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும். அக்கா மொட்டைமாடியில் துணி போட்டால் எடுக்கும்போது உதறித்தான் எடுப்பாள். "அது வோணா ஷோக்காத்தான் இருக்கும்" என்றாள். உடனே சுதாரித்துக்கொண்டு, "அதுக்கோசரம் யாரானா பிளேன் ஏறுவாங்களா? இன்னாடி இது, நீ டிவில நூஸ் படிக்கிறவ மாதிரி பேசிக்கினு கீற? இருக்கு, போகும், வரும்னு" என்று என் பேச்சுக்குத் தாவினாள்.

அது உண்மை. என் வாயிலிருந்து ராயபுரம் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. இங்கே தமிழ் பேச ஆள் கிடையாது. லாரன்ஸ் போனில் பேசுவதோடு சரி. ஜோயலுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அலம்பி அலம்பிப் பேசி, கடைசியில் எனக்கென்று இருந்த பேச்சே போய்விட்டது. அவனுக்கு அதுவும் புரிகிறதா என்றால் பாதிதான். அக்கா வீடியோவில் வந்து "துன்னியா நைனா?" என்று ஆசையாகக் கேட்டால், ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்து என்னைப் பார்ப்பான். "சாப்பிட்டியான்னு கேக்கறாடா" என்பேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவான்.

லைட்டவுஸ், திமிங்கலம், காற்று மூன்றையும் மார்த்தாவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

3

தீவு என்றால் அக்காவுக்குத் தெரியாதது அல்ல. எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி இருக்கிறது. இப்போது அங்கே கப்பல் வந்து நிற்கிறது, கிரேன்கள் நிற்கின்றன. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

"எதுக்குக்கா?" என்றேன்.

"சும்மா வா."

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் தாண்டி எண்ணூரில் இறங்கினோம். கழியில் தள்ளிக்கொண்டு போகிற ஒரு படகில் ஏற்றினாள். அந்தக் கரையில் சவுக்கு மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டு போன வடையைத் தின்றோம். நான் நண்டு வளைகளில் குச்சி விட்டு விளையாடினேன். அக்கா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். வெயில் தாழ்ந்ததும் எழுந்து, "வா, போவலாம்" என்றாள். அவ்வளவுதான். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, ஆனால் அதைப் போல ஒரு நாள் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்க வண்ணாரப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, காலி வீட்டில் எங்கள் அப்பாவோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போன விஷயம் பல வருஷம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வந்தவர்கள் சின்னப் பெண்ணை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம். அந்தச் சின்னப் பெண் நான்தான். அக்காவிடம் கேட்டேன். "வெயிலு ஜாஸ்தியா இருந்துச்சு, காத்து வாங்கப் போனோம்" என்றாள். அவள் எதற்கும் காரணம் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

அப்படிப்பட்டவளிடம் போய் நான் காரணம் காரணமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜோயல் அந்தச் செப்டம்பரில் கல்லூரிக்குப் பெரிய நிலத்துக்குப் போகவிருந்தான். லாரன்ஸ் கடலில். இந்த வீட்டில் நானும் ஹீட்டரின் சத்தமும்தான் இருப்போம். எனக்குப் பயமாக இருந்தது. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரே ஒரு ஆள் இந்த வீட்டுக்குள் வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்த ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அப்போதுதான் நான் இங்கே இருப்பது நிஜம் என்று எனக்குப் படும். இதை அக்காவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் கவலைப்படுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, திமிங்கலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

4

அக்காவை அசைத்தது கடைசியில் மீன் தலை.

ஒரு நாள் பேச்சுவாக்கில், இங்கே மீனை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை, இரண்டு பக்கமும் சதையைச் சீவி எடுத்துக்கொள்வார்கள் என்றேன். தலையும் முள்ளும் சிங்கி இறால் பிடிக்கிற கூண்டில் இரையாகப் போகும், மிச்சம் உரத்துக்குப் போகும்.

"தலையவா?" என்றாள் அக்கா. குரலே மாறிவிட்டது. "மெய்யாலுமா சொல்ற? தலைய தூக்கிப் போடுறானுங்களா?"

"ஆமாக்கா. கேட்டா சும்மாவே கொடுப்பாங்க."

"எந்த மீனு? வஞ்சிரமா?"

"வஞ்சிரம் இங்க வராது. காட்னு ஒரு மீன். தலை பெருசா இருக்கும்."

"எந்த மீனா இருந்தா இன்னாடி, தல தலதான? அதுல எத்தினி சத கீது! பேமானிங்க. அத்த அறுக்கக் கூடவா அவனுங்களுக்குத் தெரியாது?" கொஞ்ச நேரம் பொருமினாள். அப்புறம் கேட்டாள்: "அங்க வர்றதுக்கு இன்னா வோணும்?"

இதில் வேடிக்கை என்னவென்றால், விசாவுக்கான முதல் மனுவில் கலங்கரை விளக்கத்தையும் திமிங்கலத்தையும் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நிராகரித்துவிட்டார்கள். ஒற்றைப் பெண், சொத்து இல்லை, திரும்பிப் போவாள் என்று நம்ப முடியவில்லை என்று பதில் வந்தது. அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "திரும்ப மாட்டேன்னு அவனுக்கு யாரு சொன்னது? எனக்கு இங்க இருவது வூட்டு வாடிக்க கீது. நான் போவலன்னா அந்த வூடுங்கள்ல ஞாயித்துக்கெயம கொயம்பு இல்ல" என்றாள். அடுத்த தடவை அதையே எழுதினேன், அக்காவை விட்டே வாடிக்கைக்காரர்கள் சிலரிடம் கையெழுத்து வாங்கி வைத்து. கிடைத்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரிக்குக்கூட ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் அருமை தெரிந்திருக்கிறது என்று லாரன்ஸ் சொன்னார்.

ஜூலையில் டிக்கெட் போட்டோம். ஜோயலின் பழைய கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். பிடிக்கவில்லை, திரும்பச் சுவரோரம் தள்ளினேன். குளிருமே என்று இரண்டு கம்பளி வாங்கினேன், பிறகு மூன்றாவதையும் வாங்கினேன். ஜோயல் என்னைப் பார்த்து, ராணியா வருகிறார் என்று கேட்டான்.

5

அக்கா கிளம்புகிற அன்று நான் கூண்டில் வேலையாக இருந்தேன். அவள் விமானம் ஏறியிருப்பாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் ஆட்டோ ஓடுகிற சத்தம்.

"சலீம் பாய் ஆட்டோல வந்துகினு கீறேன். வூட்டுக்கு" என்றாள் அக்கா. சலீம் பாய் தண்டையார்பேட்டைக்காரர், அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டவர்.

"என்னக்கா ஆச்சு?"

"கவுண்டர்ல இருந்தவன் 'எங்க'ன்னு கேட்டுட்டாண்டி."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம், அதனால் விளக்கிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் 'தூரமா?' என்று கேட்கலாம், அதற்கு மேல் கூடாது. அப்பா ஹார்பர் வேலைக்குக் கிளம்பும்போது நாங்கள் வாயே திறக்க மாட்டோம். அக்கா மீன் கூடையோடு படி இறங்கும்போது தெருவில் யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், அவள் 'தோ, இப்டிதான்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, கூடையை இறக்கி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவாள். உங்களில் பலர் வீட்டிலும் இது இருக்கும். ஆனால் விமான நிலையத்தில் யாரும் இதைக் கடைப்பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை.

"அந்தாளு பாஸ்போட்ட பொரட்டிகினே, தலயத் தூக்காம, 'எங்கம்மா போற?'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னா சொல்றது? 'தோ, இப்டிதான் சார்'னேன்."

"அக்கா!"

"'இப்டின்னா எங்க?'ன்றான். ரெண்டாவது வாட்டி! கடலத் தாண்டிப் போவச்சொல்ல ரெண்டு வாட்டி கேட்டா வெளங்குமா? பாஸ்போட்ட வாங்கிகினு திரும்பி வந்து, பின்னால நாற்காலி கீதுல்ல, அதுல குந்தினேன். பாட்டில்ல ஒரு வா தண்ணி குட்ச்சேன். மறுக்கா எயுந்து வேற லைன்ல போய் நின்னேன்."

நான் கூண்டுக்குள் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரு ஜன்னலில் பதில் சொல்லாமல் நழுவி, இன்னொரு ஜன்னலில் போய் நிற்கிற பெண்ணைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் என்ன தோன்றும்? தனியாக உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள், அது சரி. அங்கே போய் வேலை செய்வாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒடம்பு நல்லாதான கீது, வேல செய்யாம குந்திகினு இருப்பனான்னு கேட்டேன்" என்றாள் அக்கா. "பின்ன? ஒரு வூட்டுக்குப் போய் கையக் கட்டிகினு குந்திகினு துன்னா நல்லாவா கீது?"

சுற்றிப் பார்க்கிற விசாவில் போகிறவள் வாயால் வேலை செய்வேன் என்று சொல்லியிருக்கிறாள். ஏதோ ஒரு தரகர் அவளை ஏமாற்றி எங்கேயோ அனுப்புகிறார் என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள். அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

கோபமெல்லாம் அக்கா மேல்தான் வந்தது. "பிளேன் ஏறப் போறவங்ககிட்ட எங்கன்னு கேக்காம வேற என்னத்தக்கா கேப்பாங்க? ஒரு வார்த்தை ஊர் பேரச் சொல்லியிருந்தா இந்நேரம் ஏறியிருப்பே. மூணு கம்பளி வாங்கி வச்சிருக்கேன். கட்டில இழுத்து இழுத்து என் இடுப்பு போச்சு. நீ வர வேணாம். வரவே வேணாம். அந்தக் காலடிப்பேட்டையிலயே கிட!" என்று கத்தினேன். கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

ஆட்டோ சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அக்கா போனை வைத்துவிட்டாள்.

6

அதற்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, இல்லை, வைக்கட்டுமா, வை. தீவைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஜோயல் கிளம்பினான். என் கூண்டு வழியாகத்தானே போக வேண்டும்? மற்றவர்களோடு வரிசையில் வந்து நின்று, ஜன்னலுக்கு வந்ததும் சிரித்தான். என் பிள்ளைக்கு ஊரை விட்டுப் போக டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் நான்தான். "நீ நல்லாத்தான் இருப்பேம்மா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு படகுப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்ப்பான் என்று பார்த்தேன். அடுத்த ஆள் ஜன்னலைத் தட்டினார்.

அடுத்த மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று எழுத வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் உட்கார முடியாது. கம்பளிகளை எடுத்து மடிப்பேன். கோட்டை மாட்டிக்கொண்டு கடலோரப் பாதையில் கலங்கரை விளக்கம் வரை நடப்பேன். அங்கே போனதும் வீட்டுக்குப் போனால் தேவலை என்று இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எதற்கு வந்தோம் என்று இருக்கும். எதிரில் வருகிறவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள், நன்றாக இருக்கிறேன் என்பேன். இங்கே அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் உண்டு. லாரன்ஸ் கப்பலிலிருந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். மார்த்தா கேட்டபோதும் அதையே சொன்னேன்.

லாரன்ஸ் விடுமுறைக்கு வர வேண்டிய நாள் வந்தது. காலையில் கூண்டைத் திறக்கும்போது காரிலிருந்து கூப்பிட்டார். "மத்தியானப் படகுல வரேன். கூட ஆள் இருக்கு, பேசு" என்றார்.

"இன்னாடி, எயுந்துட்டியா?" என்றாள் அக்கா.

என் கையில் இருந்த சாவிக்கொத்து விழுந்துவிட்டது. அவரும் அவளும் சேர்ந்து டிக்கெட் போட்டிருக்கிறார்கள். கிளம்புகிற விஷயத்தை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, முக்கியமாக ஜெசியிடம், அவள் எங்கே எப்போது என்று ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று அக்கா அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

"எப்படிக்கா விட்டாங்க? கேக்கலையா?"

"கேக்க உட்டாத்தான? அவன் வாயத் தொறக்கறதுக்கு முந்தியே நான் சொல்லிட்டேன். 'சார், நீங்க கேக்காதீங்க, நானே சொல்றேன். இன்ன ஊரு, இன்ன தேதி திரும்பி வர்றேன், எந்தங்கச்சி வூடு, நான் அங்க ஒரு வேலயும் செய்ய மாட்டேன், கையக் கட்டிகினு குந்திகினு இருப்பேன்'னு. சிரிச்சிகினே முத்திரைய குத்திட்டான்."

"எதுக்குக்கா திடீர்னு?"

"சும்மாதான்" என்றாள்.

7

மத்தியானப் படகு வருகிற நேரம்தான் கூண்டில் கூட்டம் அதிகம். இலைகள் சிவப்பாகிற காலம் என்பதால் அதைப் பார்க்க வந்தவர்கள், பார்த்து முடித்து, திரும்பிப் போக வரிசையில் நின்றார்கள். மாற்றிவிட ஆள் இல்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டே கரையைப் பார்த்தேன். படகு வாயைத் திறந்தது. கார்கள் இறங்கின. அவற்றுக்கு நடுவில், லாரன்சின் கோட்டை முழங்கால் வரை தொங்கப் போட்டுக்கொண்டு, கீழே புடவை தெரிய, தலையில் மப்ளரோடு ஒருத்தி நடந்து வந்தாள். பின்னால் லாரன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவள் சுற்றிலும் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கூண்டை நோக்கி வந்தாள். வரிசை, முறை எதுவும் அவளுக்கு இல்லை. காசிமேட்டு ஏலத்தில் கூட்டத்தை விலக்குகிற அதே கையால் நாலு பேரை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, அதோ பாரு, அதுதான் லைட்டவுஸ். அந்தப் பாறையில கடல்நாய் வரும். அந்தப் பக்கம் திரும்பு, அதோ மஞ்சளா தெரியுதே, அது நம்ம..." என்று என் வாய் பாட்டுக்குப் பிரசுரம் மாதிரி பேசிக்கொண்டு போனது.

"இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்?" என்றாள் அக்கா.

ஜன்னல் கண்ணாடியை அவளே தள்ளித் திறந்தாள். உள்ளே கையை விட்டு என் மோவாயைப் பிடித்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அவள் கை சில்லென்று இருந்தது. ஒரு கண்ணைப் பார்த்தாள், பிறகு இன்னொரு கண்ணைப் பார்த்தாள்.

"தூங்கி எத்தினி நாளாச்சு?" என்றாள்.

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அன்னிக்கு போன்ல அந்தக் கத்து கத்துனியே, அப்பவே எனக்குத் தெரியும். கம்பளிக்கோசரம் யாரும் அப்டி கத்த மாட்டாங்க. நீ இன்னாடி இப்டி கீற?"

அவ்வளவுதான். கையில் வைத்திருந்த டிக்கெட்டுகளோடு அப்படியே குனிந்து, மேஜைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வந்த நாளிலிருந்து இந்தத் தீவில் ஒருவர் முன்னாலும் நான் அழுதது கிடையாது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதேன். நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வெளியே முணுமுணுப்பு கேட்டது. யாரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அக்கா என் தலையிலிருந்து கையை எடுக்காமல் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் கம்முனு நில்லுங்கப்பா" என்றாள். "எம் பொண்ணு அயுவுறா. அயுது முடிக்கட்டும்."

அவர்களில் யாருக்கும் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். படகு கிளம்பச் சங்கு ஊதியது. அக்கா அந்தப் பக்கமும் ஒரு தரம் திரும்பி, உள்ளங்கையை உயர்த்தி, "இர்றா!" என்றாள்.

அன்று படகு தாமதமாகத்தான் கிளம்பியது.